லிண்டன் சட்டை

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கணவரை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜனாதிபதி மாளிகையில் எனக்கு வேலை கொடுத்த அன்றே இதனால் ஒரு தகராறு வந்தது.

வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கண்ணாடி அறைக்குள் போக வேண்டும். உள்ளே என் கணவர் திருமேனி உட்கார்ந்திருப்பார். அவரை நான் கூப்பிட வேண்டும், அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். இதற்கு அரசாங்கச் சம்பளமும் வந்துபோக வண்டியும் உண்டு, பள்ளி வேலையையும் விட வேண்டாம் என்றார்கள். துறைமுகப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டுபோன எனக்கு இது கசக்குமா என்ன?

பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று டாக்டர் நஸீமா பிடிவாதம் பிடித்தார். மனிதனுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது பெயர்தான், அதைத் தொட்டால்தான் ஆள் எழுந்து வருவார் என்பது அவர் கட்சி. நானும் வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு அவர் 'என்னங்க', அவருக்கு நான் 'இந்தா'. ஊரில் பாதிப் பெண்டாட்டிகள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதற்கெல்லாம் இவர் எப்படித் திரும்புவார் என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் திரும்பினார். முதல் நாளே, ஒரே ஒரு 'என்னங்க'வுக்கு. அன்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கிருந்து திரும்பினார் என்பதைச் சொன்னால்தான் இது புரியும்.

எங்கள் முத்தீவுக் குடியரசில் நெல் விளைவதில்லை. கடல் ஏறி வயலெல்லாம் உப்பாகிப்போன பிறகு அரிசி வடகடல் கூட்டமைப்பிலிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் பனி மூடிக் கிடந்த அந்த நாட்டில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அரிசி ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிய இருந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு அவர்கள் கேட்டது எங்கள் மூன்றாம் தீவின் ஆழ்துறைமுகத்தை. கொடுத்தால் எங்கள் வாசலில் அவர்கள் கப்பற்படை நிற்கும். கொடுக்காவிட்டால் ஊரில் உலை கொதிக்காது. இரண்டில் எது மேல் என்று டீக்கடையில்கூட அடிதடி நடந்துகொண்டிருந்தது.

ஜனாதிபதி சௌந்தரவல்லிக்கு இந்த விஷயத்தில் மூன்று ஆலோசகர்கள். நிதிக்கு அருள்வரதன், துறைமுகத்தைக் கொடுத்துத் தொலைத்துவிட்டு அரிசியை வாங்கலாம் என்பவர். துறைமுகத்துக்கு ஜெரோம் பர்னாந்து, பட்டினி கிடந்தாலும் அதில் ஒரு கல்லைக்கூடக் கொடுக்கக் கூடாது என்பவர். அவர் உடம்பைப் பார்த்தால் பட்டினியோடு அதிகம் பழக்கம் இருப்பதாகத் தெரியாது. மூன்றாவது என் கணவர். வணிகம் அவர் துறை. பேசினால் இரண்டையும் காப்பாற்றலாம் என்று அவர் நம்பினார்.

மூவரையும் ஜனாதிபதி ஒன்றாக உட்கார வைப்பதே இல்லை. தனித்தனியாகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரிடமும் உங்களைத்தான் நம்பியிருக்கிறேன் என்பார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக மாற்றி மூன்றாமவரிடம் போட்டு, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். தன் வாதம் ஜெயித்துவிட்டது என்று யார் முகத்திலாவது சந்தோஷம் தெரிந்தால் மறுநாள் அவரைக் கூப்பிட மாட்டார். என் கணவர் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார், கெட்டிக்காரி என்று மெச்சுவார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் கோள் சொல்ல வைத்து வகுப்பை அடக்கும் டீச்சர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாளிகையில் ஒரு கருவி இருந்தது. சட்டை என்பது அதற்கு நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். தலையைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டை, காதோரம் இரண்டு வில்லைகள். கூட்டமைப்பின் தலைமைப் பேச்சாளர் தோர்வால்ட் லிண்டன் வாழ்நாளெல்லாம் பேசியது, எழுதியது, வாதாடியது எல்லாவற்றையும் திரட்டி அவர் மனசுக்கு ஒரு படி எடுத்திருந்தார்கள். மேடைப் பேச்சு மட்டுமில்லை, வீட்டுக்குள் மனைவியோடு அவர் பேசியதும் அதில் இருந்தது. அது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டபோது டாக்டர் நஸீமா ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டால் கட்டிக்கொண்டவர் லிண்டனாகிவிடுவார். பேசுவது நம்முடைய தமிழாகத்தான் இருக்கும். ஆனால் நினைப்பும் கோபமும் பயமும் லிண்டனுடையவை.

பேச்சுவார்த்தைக்கு முன்னால் எதிராளியை இப்படி எதிரே உட்கார வைத்து ஜனாதிபதி ஒத்திகை பார்ப்பார். ஜெரோமுக்குச் சட்டை போட்டால் தலைவலி வந்தது. அருள்வரதன் யாருடைய சட்டையையும் போட்டுக் கழற்றுவார், ஒன்றும் ஆகாது. ஆனால் எதைப் போட்டாலும் ஓரத்தில் கொஞ்சம் அருள்வரதன் எட்டிப்பார்ப்பார். என் கணவருக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது.

லிண்டனைக் கம்ப்யூட்டரிலேயே பேச வைக்கக் கூடாதா, இதற்கு என் புருஷன்தான் கிடைத்தாரா என்று ஒருநாள் ஜனாதிபதியிடமே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"திரைக்கு வேர்க்காது லோசனி," என்றார். "ஒரு ஆளு எந்த எடத்துல எச்சில் முழுங்குறான்னு பார்த்துதான் நான் பேரம் பேசுவேன். அதுக்கு ஒரு உடம்பு வேணும்."

ஒத்திகை முடிந்ததும் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் பட்டை போனதும் லிண்டன் போய்விடுவதில்லை. ஈரம்போல மனசில் கொஞ்சம் ஊறி நிற்பார். அந்த நேரத்தில் வேறு யாரும் பேசுவதற்கு முன் வீட்டு மனிதர் ஒருவர் போய்க் கூப்பிட்டு ஆளை மீட்க வேண்டும். அதற்குத்தான் நான். 'என்னங்க' என்பேன். அவர் கழுத்து மெல்லத் திரும்பும். கண்ணில் ஏதோ ஒன்று விலகி வேறொன்று வந்து உட்காரும். "இந்தா, காப்பி இருக்கா?" என்பார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருக்கும்.

முதல் சில ஒத்திகைகள் இப்படி நல்லபடியாகப் போயின. பிறகு ஜனாதிபதி என்னைக் காக்க வைக்க ஆரம்பித்தார். ஒத்திகை முடிந்து பட்டையைக் கழற்றிய பிறகும், இரு லோசனி, இவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்பார். கண்ணாடிக்கு வெளியே நான் நிற்பேன். உள்ளே அவர்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். வர வர அரிசியைப் பற்றி மட்டும் பேச்சு இல்லை. தண்ணீர் வரியைப் பற்றிக் கேட்டார், கல்லூரிகளைப் பற்றிக் கேட்டார், அருள்வரதன் எதையாவது மறைக்கிறாரா என்றுகூடக் கேட்டார். லிண்டன் யோசித்து, மெதுவாக, முகத்துக்கு நேரே பதில் சொன்னார். அருள்வரதனும் ஜெரோமும் வெளியே சோபாவில் உட்கார்ந்து நகம் கடித்தார்கள். எதிரி நாட்டுக்காரனுக்குக் கிடைக்கிற நேரம் தங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அவர்களுக்கு எரிச்சல்.

நான் சண்டை போட்டேன். விதி என்று ஒன்று இருக்கிறதே, உடனே கூப்பிட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன்.

"என்கிட்ட வர்ற ஆலோசகர் ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஒண்ணு வேணும்மா," என்றார் ஜனாதிபதி. "அது என்னன்னு கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிடுது. இந்த மனுஷனுக்கு என்ன வேணும்னு எனக்கு நல்லாத் தெரியும். துறைமுகம். அதை விட்டா மத்த எல்லாத்துலயும் எனக்கு உண்மை சொல்ற ஒரே ஆளு இவன்தான்."

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அந்த அம்மாளின் சாமர்த்தியம். நான் வெளியே வந்து நின்றேன்.

வீட்டில் மாற்றங்கள் வந்தன. காப்பியைக் கொடுத்தால் நன்றி என்றார். எங்கள் ஊரில் பெண்டாட்டிக்கு நன்றி சொன்ன புருஷனை யாராவது பார்த்திருக்கிறார்களா? சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் கேட்டார். நான் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷப்பட்டேன். பெரிய மனிதர்களோடு பழகிப் பண்பாகிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் பெருமைகூட அடித்துக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்பினார், அது போதாதா? முன்னைவிடச் சட்டென்று திரும்பினார்.

சித்திரையில் லிண்டனே கப்பலேறி வந்தார். நிஜ லிண்டன். மனைவி மாரித்தும் கூட வந்திருந்தார். பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் மாளிகையில் மதிய விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். லிண்டன் உயரமான கிழவர். நான் கண்ணாடி வழியாக மாதக்கணக்கில் பார்த்த ஆளைவிட இவர் ஏனோ கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார். நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன், என் கணவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை நாள் பழக்கம், ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மேஜையில் கட்லெட் வைத்திருந்தார்கள். மாரித் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அவர் கணவர் தன் செயலாளரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. மேஜையின் இந்தக் கோடியிலிருந்து என் கணவர் எழுந்தார். அவசரப்படாமல் அந்தப் பக்கம் நடந்து போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மிட்டா," என்றார். "அதுல நண்டு இருக்கு."

பின்னால் சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் கட்லெட்டைத் தட்டில் வைத்துவிட்டார். அண்ணாந்து என் கணவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கணவரைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். நண்டு சேர்ந்தால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளுமாம், அவர்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாதாம். மிட்டா என்ற பெயரும் அப்படித்தான்.

இருந்த இடத்திலிருந்தே 'என்னங்க' என்றேன். அவர் உடனே திரும்பினார், இதமாகப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை எனக்கு நன்றாகத் தெரியும். ஒத்திகைகளில், கொடுப்பதால் தனக்கு நஷ்டமில்லாத ஒன்றை ஜனாதிபதிக்கு விட்டுக்கொடுக்கும்போது லிண்டன் செய்கிற புன்னகை அது.

வண்டியில் ஏறியதும் கேட்டேன், எப்போதிலிருந்து என்று. அவர் மழுப்பவில்லை.

"மாசியிலேர்ந்து இருக்கும்," என்றார். "நீங்க கூப்பிடுறப்ப யாரோ திரும்பணும்னு தெரிஞ்சுது. காத்துக்கிட்டு இருந்தேன். உள்ள யாரும் திரும்பல. அதனால நான் திரும்பினேன்."

என் கணவர் என்னை ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. இத்தனை நாள் 'நீ' என்று சொன்னதும் நடிப்பு. எனக்கு அழுகை வருவதற்குப் பதில் ஆத்திரம் வந்தது. ஏன் சொல்லவில்லை, என்னை எதற்காக முட்டாளாக்கினீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு வேண்டியது ஒரு திரும்பல். அதைக் குடுக்குறதுல எனக்கு ஒரு செலவும் இல்ல. குடுக்காட்டா உங்க முகம் எப்படி ஆகும்னு தெரியும். அதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்ல."

உள்ளே என் கணவர் இருக்கிறாரா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். எத்தனை உற்றுக் கேட்டாலும் சத்தம் எதுவும் இல்லையாம். ஆனால் காலையில் காப்பியைக் கொடுத்தால் கை தானாக டம்ளருக்கும் டபராவுக்கும் மாற்றி ஆற்றுகிறதாம். எனக்குக் காப்பி ஆற்றத் தெரியாதே என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல. நான் அந்தக் கையைப் பார்த்தேன். அது என் கணவருடைய கைதான்.

அன்று சாயங்காலமே ஜனாதிபதியிடம் போனேன். என் கணவர் போய்விட்டார், அவருக்குள் இருப்பது அந்த ஆள்தான், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. தனக்கு மாசியிலேயே தெரியும் என்றார். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சு முடிகிறவரை மட்டும் பொறுத்துக்கொள், ஊர் சோற்றுக்குக் காத்திருக்கிறது என்றார். நானும் அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேச்சுவார்த்தை நடந்தபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் கணவரை ஜனாதிபதி தன் அருகில், தன் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்ட நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். ஏன் அப்படி என்று சீக்கிரமே புரிந்தது. எதிரே இருந்த கிழவர் பழம் தின்று கொட்டை போட்டவர், அவர் முகத்தில் எதுவும் தெரியாது. ஆனால் அதே மனசு இங்கே பழக்கமில்லாத ஓர் உடம்பில் இருந்தது. ஜனாதிபதி ஒவ்வொரு விலையாகச் சொல்லச் சொல்ல, கிழவர் அசையாமல் இருந்தார், என் கணவரின் தொண்டை ஏறி இறங்கியது. ஜனாதிபதி கிழவரைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம் அந்தத் தொண்டையைத்தான்.

இரண்டாம் நாள் கிழவர் மேஜையைத் தட்டிக் கோபமாகப் பேச ஆரம்பித்தார். அவர் பேசப் பேச என் கணவரின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன. ஒரு இடத்தில் கிழவருக்கு முன்னால் இவர் உதடு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. கிழவர் அதைப் பார்த்துவிட்டார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவரால் சரியாகப் பேச முடியவில்லை.

துறைமுகம் எங்களிடமே இருக்கும், அவர்கள் கப்பல்கள் எண்ணெய் போட்டுக்கொண்டு போகலாம், அரிசி தடையில்லாமல் வரும் என்று கையெழுத்தாயிற்று. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். கப்பலேறும்போது கிழவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு விடாமல் நின்றார். மாரித் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டார். என்னைப்போலவே அவரும் யாரையோ விட்டுவிட்டுத்தான் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. கப்பல் போன பிறகும் என் கணவர் வெகுநேரம் கரையில் நின்றார்.

மறுநாள் ஜனாதிபதி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் டாக்டர் நஸீமாவும் இருந்தார். சட்டப்படி இனி முடிவு நெருங்கிய சொந்தத்தினுடையது, அதாவது உன்னுடையது என்றார் ஜனாதிபதி. வழி இரண்டு இருந்தன. ஒன்று, என் கணவருக்கு அவருடைய சொந்தச் சட்டையையே போட்டுவிடுவது. ஆலோசகராகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் அன்றிலிருந்தே ஒரு படி எடுக்கத் தொடங்கிவிடுவார்களாம். எங்கள் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் பதிவு ஓடிக்கொண்டிருந்ததாம். நான் நாற்காலியை விட்டு எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஜனாதிபதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்தச் சட்டையை நிரந்தரமாகப் போட்டால் லிண்டன் அழிந்துபோவார், ஆனால் அடியில் என் கணவர் உண்மையிலேயே கொஞ்சம் மிச்சமிருந்தால் அதுவும் சேர்ந்து அழியும் என்றார் டாக்டர். இரண்டாவது வழி, அப்படியே விட்டுவிட்டுக் காத்திருப்பது.

"எனக்கு எது சௌகரியம்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் ஜனாதிபதி. "நீ பார்த்துட்டே முடிவு பண்ணு."

பக்கத்துக் கதவு திறந்து ஜெரோம் பர்னாந்து வந்தார். தலையில் பட்டை. அந்தப் பெரிய உடம்பு என் எதிரே உட்கார்ந்து, இடது காலை மட்டும் ஆட்டிக்கொண்டு, வேட்டி இல்லாத இடத்தில் வேட்டியைச் சரிசெய்தது.

"இந்தா, காப்பி இருக்கா?"

நான் தேம்பி அழுதுவிட்டேன். குரல் வேறு, ஆனால் அவரேதான். அரிசி விலையைப் பற்றிச் சொன்னார், பக்கத்து வீட்டு நாயைத் திட்டினார், என் தம்பியைக் கிண்டல் செய்தார். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாமே நான் முன்பு கேட்டவை. அப்போதுதான் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியது. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, இறந்தே பிறந்தது. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நாள் பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே," என்றேன். "என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஜெரோமின் முகம் அன்பாக என்னைப் பார்த்தது.

"எந்த ஆஸ்பத்திரி?"

சொல்லாத எதையும் எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. எங்களுக்குள் இருந்ததில் முக்கால்வாசி சொல்லாததுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது வேண்டாம், அவர் அப்படியே இருக்கட்டும், நான் காத்திருக்கிறேன் என்றேன். ஜனாதிபதி என் கையைப் பிடித்துக்கொண்டார். கஷ்டமான முடிவு என்றார். அவர் வீட்டில் அமைதியாக இருக்க நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், காலையில் மட்டும் இங்கே வந்து எனக்கு யோசனை சொல்லட்டும் என்றார். சரி என்றேன். எல்லாம் நானே முடிவு செய்ததுபோலத்தான் எனக்கு இருந்தது.

வெளியே நீளமான நடைகூடம். அதன் கோடியில் ஜன்னலோரம் என் கணவர் கடலைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டடி வைப்பதற்குள் பக்கத்து ஒத்திகை அறையின் கதவு திறந்தது. அருள்வரதன் வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. அவர் நடை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. வலது கை அடிக்கடி தோளுக்குப் போய், இல்லாத முந்தானையை இழுத்து விட்டது. தலையில் பட்டை இருந்தது.

எங்கள் வீட்டுப் பதிவுகளில் என் கணவர் குரல் மட்டுமா இருந்திருக்கும்? எனக்கும் ஒரு சட்டை எடுத்திருக்கிறார்கள், அருள்வரதன் கட்டியிருப்பது அதுதான். நான் அந்த அறைக்குள் போவதற்கு முன்பே நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். நான் எங்கே எழுந்து திட்டுவேன், எதைக் கேட்பேன், எதற்கு அழுவேன், கடைசியில் என்ன சொல்வேன் என்று ஜனாதிபதி ஒத்திகை பார்த்து முடித்திருக்கிறார்.

அருள்வரதன் ஜன்னலோரம் போய் நின்றார்.

"என்னங்க," என்றார்.

ஆண்குரல்தான், ஆனால் அது என் அழைப்பு. இப்போதைய என் அழைப்பு இல்லை. கண்ணாடிக்கு வெளியே காக்க வைக்க ஆரம்பித்ததிலிருந்து, வருவாரா வரமாட்டாரா என்று நெஞ்சு அடித்துக்கொண்டுதானே நான் கூப்பிடுகிறேன். இது அந்தச் சந்தேகமெல்லாம் வருவதற்கு முன்னால், அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் நான் கூப்பிட்டது.

என் கணவரின் கழுத்து மெல்லத் திரும்பியது. கண்ணில் ஏதோ ஒன்று விலகியது. புன்னகை எதுவும் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல அருள்வரதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போயிட்ட நீ, இவ்வளவு நாளா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அருள்வரதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜனாதிபதியின் அறையிலிருந்து டாக்டர் நஸீமா பதறிக்கொண்டு ஓடிவந்தார். அருள்வரதனின் தலையிலிருந்த பட்டையை அவிழ்க்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாதீங்க டாக்டர்," என்றேன்.